ராஜ்தூத் 350: நான்காவது ஓனரின் நீண்ட கால அனுபவம்

ஃபெராரி 250 ஜிடிஓ என்ற ரேஸ் காரை 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 வண்டிகள்தான் செய்தார்கள். எந்த சேஸிஸ் நம்பர் யார் கையில் இருந்தது, எந்த ரேஸில் ஓடியது, எங்கே மோதியது என்பதெல்லாம் சேகரிப்பாளர்களுக்கு அத்துப்படி. அதில் ஒன்று 2018-இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. காரோடு சேர்த்து அதன் பரம்பரையையும் வாங்குகிறார்கள்.

நமக்கு எட்டிய சூப்பர்கார் இரண்டு சக்கரத்தில் வந்தது. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் ராஜ்தூத் பெயரில் இங்கே இறக்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ஹெச்டி (ஹை டார்க்) மாடலுக்கு 30.5 குதிரைத்திறன், அப்புறம் வந்த எல்டிக்கு (லோ டார்க்) 27. அன்றைய புல்லட்டுக்கு 18தான். மூல ஆர்டியில் முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே டிரம் போட்டுக் கொடுத்தார்கள். ஆர்டி என்ற இரண்டு எழுத்துக்கு 'ரேப்பிட் டெத்' (சட்டென்று சாவு) என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

என்னிடம் இருப்பது 84 மாடல் ஹெச்டி, 'சிஏ' என்று தொடங்கும் பழைய கர்நாடக நம்பர். 2012-இல் பெங்களூர் அல்சூரில் மூன்றாவது ஓனர் வீட்டு மாடிப்படிக்குக் கீழிருந்து வாங்கினேன். கறுப்பு பெயின்ட் பளபளத்தது. ஆர்சி புத்தகத்தில் மட்டும் வேறு ஒருவர் பெயர். ஓப்பன் ட்ரான்ஸ்ஃபர், அதாவது பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது. பழைய பைக் சந்தையில் பாதி வண்டிகள் இந்தக் கதிதான். அந்தக் கையெழுத்து ஆர்டிஓவில் செல்லவில்லை.

ஆர்சியில் இருந்தவரைத் தேடி கோலார் தங்கவயல் போனேன். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகாத குடும்பம். இரண்டாவது ஓனர் அவர். கையெழுத்து போட ஒரு நிமிடம், சென்னை பக்கத்துச் சோழவரத்தில் ரேஸ் ஓட்டிய கதை பேச ஒரு மத்தியானம். கிளம்பும்போது, "தம்பி, சைலன்சருக்குள்ள ஒண்ணும் இருக்காது, நான்தான் அறுத்தெடுத்தேன், பாத்துக்க" என்றார். கையோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் கொடுத்தார். அதில் கழற்றி வைத்த ஆயில் பம்பும், முதல் ஓனரின் சர்வீஸ் நோட்டும் இருந்தன.

அந்த நோட்டுதான் நான் வாங்கியதிலேயே விலை மதிப்புள்ள பொருள் என்பேன். முதல் ஓனர் பொதுத்துறை ஆலை ஒன்றில் இன்ஜினியர். பாயின்ட் கேப் முதல் பிளக் மாற்றிய தேதி வரை எழுதி வைத்திருக்கிறார். 1988-இல் ரீபோர், 0.25 ஓவர்சைஸ் என்று ஒரு வரி. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போட்டதாக அர்த்தம். சிவாஜி நகர் மெக்கானிக் பாய் ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில், கரியைச் சுரண்டிய இடத்தில், '50', அதாவது 0.50, என்ற அச்சு தெரிந்தது. அப்படியானால் இன்னொரு முறையும் போர் செய்திருக்கிறார்கள். நோட்டில் இல்லாத அந்த வேலை ரேஸ் ஓட்டிய இரண்டாவது ஓனருடையது. சிலிண்டரில் வாயு போய்வரும் துளையான போர்ட்டையும் அரம் போட்டு அகலப்படுத்தியிருந்தார். கீழ் ஆர்பிஎம்மில் வண்டி ஏன் சோம்பலாக இருந்தது என்பதற்கு அதுதான் பதில். இன்னும் 0.75, 1.00 என்று இரண்டு சைஸ் பாக்கி. அதற்கு மேல் வேறு பேரல்தான் (சிலிண்டர்) தேட வேண்டும்.

மூன்றாவது ஓனர் செய்ததெல்லாம் நிறுத்தி வைத்ததும் பெயின்ட் அடித்ததும்தான். நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டின் ரப்பர் சீல் காய்ந்துவிடும். "கிளட்ச் பக்க சீல் போயிடுச்சு சார், கியர் ஆயிலைக் குடிக்குது" என்றார் பாய், பின்னால் போன வெள்ளைப் புகையைப் பார்த்தே. சீல் மாற்ற இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். இதுவரை ஆனதில் பெரிய செலவு அதுதான். பெயின்ட்டோ, ஹேண்டில்பார் கழுத்தில் சேஸிஸ் நம்பரையே மூடியிருந்தது. செல்லோடேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தால்தான் ஆர்டிஓ ஒப்புக்கொள்ளும். தின்னரில் துணியை நனைத்துத் துடைக்கத் துடைக்க, கறுப்புக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே எண்கள்.

பம்பைத் திரும்பப் பொருத்திய பிறகு பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லை போனது. ஆனால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்கு இது ஆகாது. மெதுவாக ஊர்ந்தால் பிளக் நனைந்துவிடும். பி8எச்எஸ் பிளக் இரண்டு எப்போதும் பையில் இருக்கும். மைலேஜ் ஊருக்குள் 20-ஐத் தாண்டுவதில்லை. ஞாயிறு காலை ஹோஸ்கோட்டே தாண்டி ரோடு காலியாகி, ஊசி ஐந்தாயிரத்தைக் கடந்தால் மட்டும் இந்த வண்டி வேறு வண்டி. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) அறிமுகப்படுத்தியதே நம் பெங்களூரில்தான். எத்தனால் பழைய ரப்பருக்கு எதிரி. பெட்ரோல் குழாய்களையும் கார்புரேட்டர் ஓ-ரிங்குகளையும் மாற்றிவிட்டேன். நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன்.

காகித வேலை ஓயாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிப்பு. 20 வயதைக் கடந்த பைக்குக்கு 2025-இல் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். 50 வயதானால் 'விஏ' நம்பரோடு விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் எனக்கு அதில் ஆசையில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், ஆர்சியில் யார் பெயர் என்று பாருங்கள், அவரிடம் நேரில் பேசுங்கள். ஹெச்டி என்று சொல்லி எல்டியைத் தள்ளிவிடுபவர்கள் நிறைய. என் வண்டியில் இப்போது இரண்டாவது கியர் அவ்வப்போது நழுவுகிறது. அது சோழவரத்து வேலையா என்று தங்கவயல்காரருக்கு போன் போட்டுக் கேட்டேன். இல்லை, அல்சூர்க்காரன் வேலை என்கிறார்.