தொண்டுப் பணியை விண்ணப்பத்தில் எழுதுவது எப்படி: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்போர் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பான யூகாஸ் வழியாக அனுப்பும் தன்விளக்க அறிக்கை, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளுக்கான விடைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தீர்கள், இதுவரை படித்தவை அதற்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தின, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயனுள்ளது என்று அவை கேட்கின்றன. மொத்த இடம் இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள். ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350 எழுத்துகள் வேண்டும். தொண்டுப் பணி பெரும்பாலும் மூன்றாவது விடையில்தான் வருகிறது. உறவினர் பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளி மாணவர்களும் கொண்டுவரும் வரைவுகளைப் படிக்கும்போது, அதை மூன்று விதமாக எழுதுவதைக் காண்கிறேன்.

முதலாவது, பட்டியல். முதியோர் இல்லத்தில் ஆறு மாதம், உணவு வங்கியில் மூன்று மாதம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியர், டியூக் ஆஃப் எடின்பரோ எனும் இளைஞர் விருதுத் திட்டத்தின் தங்க விருது என்று வரிசையாகச் செல்லும். இது நேர்மையானது, இடமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் தங்க விருதுக்கு 12 மாதத் தொண்டு தேவை என்பதைச் சேர்க்கைக் குழுவினர் அறிவார்கள். விருதின் பெயர் மாணவர் விடாமல் சென்றார் என்பதைச் சொல்லுமே தவிர, அங்கே எதைக் கவனித்தார் என்பதைச் சொல்லாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பட்டியலுக்கென்றே தனிப் பகுதி உண்டு: 10 செயல்பாடுகள் வரை, ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துகள். பட்டியலுக்கு உரிய இடம் அதுதான்.

இரண்டாவது, கதை. இல்லத்தின் கதவைத் திறந்த முதல் நாள், கலங்கிய கண்களோடு கையைப் பற்றிக்கொண்ட பாட்டி, அன்றே மருத்துவராக வேண்டும் என்று எடுத்த முடிவு. காமன் ஆப் கட்டுரைக்கு 650 சொற்கள் வரை இடம் இருப்பதாலும், அது விண்ணப்பதாரரை ஓர் ஆளாக அறிய விரும்புவதாலும், அங்கே கதை பொருந்தும். யூகாஸில் அது மூன்றாவது விடையை முழுவதுமாக விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: இத்தகைய கதையில் பாட்டி மாணவரின் இரக்கத்தைக் காட்டும் கருவியாகிவிடுகிறார். எழுதும் பிள்ளைகள் உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தவர்கள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் அந்த நெகிழ்வு தாளில் பிறர் எழுதியதைப் போலவே தெரிகிறது.

மூன்றாவது, ஒரு சிறு நிகழ்வை எடுத்து அதை ஆராய்வது. மறதி நோய் முற்றிய தமிழ் மூதாட்டி ஒருவர், பல்லாண்டுகள் பேசிய ஆங்கிலம் நழுவித் தாய்மொழிக்குத் திரும்பியிருக்கிறார், உணவை ஒதுக்குகிறார், பணியாளர்கள் அதைப் பிடிவாதம் என்று எண்ணுகிறார்கள், மாணவி தமிழில் கேட்டபோதுதான் பல்வலி என்று தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர், நோயாளி சொல்ல முடியாத வலியை மருத்துவம் எவ்வாறு கண்டறிகிறது என்று இதிலிருந்து எழுதலாம். மொழியியலுக்கு விண்ணப்பிப்பவர், சிலருக்குப் பின்னால் கற்ற மொழி ஏன் முதலில் மறைகிறது என்ற கேள்வியை எடுத்து, அதன் பொருட்டுப் படித்ததையும் சேர்க்கலாம். நிகழ்வு ஒன்றே, பாடத்துக்கேற்ப அதன் முகம் மாறுகிறது. யூகாஸில் தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்புகளுக்கும் ஒரே அறிக்கைதான் செல்லும் என்பதால், எந்த முகத்தைக் காட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

யூகாஸைப் பொறுத்தவரை நான் இந்த மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் 'ஏன் பயனுள்ளது' என்ற கேள்விக்கு நேராக விடை தருவது இது ஒன்றுதான். குறிப்பாக மருத்துவத்தில் இதன் வலிமை தெரியும். மருத்துவருடன் மருத்துவமனையில் சில நாள் சுற்றி வரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. முதியோர் இல்லத்தில் வாரந்தோறும் செய்த பணியையும் மருத்துவக் கல்லூரிகள் அனுபவமாக ஏற்கின்றன. அதைப் பற்றி நேர்காணலிலும் கேட்பார்கள். தானே கண்டு சிந்தித்ததை எழுதியவர் அங்கே தடுமாறமாட்டார். கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு விண்ணப்பிப்பவருக்கோ, பாடத்தோடு தொடர்பில்லாத தொண்டு ஒரு வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை.

இந்த வழியில் ஒரு கவனம் கட்டாயம் வேண்டும். மூதாட்டியின் பெயரோ, இல்லத்தின் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் வேறெதுவுமோ எழுதக்கூடாது. பிறரின் நோயை வெளியிடும் உரிமை மாணவருக்கு இல்லை.

பட்டியலை முற்றிலும் கைவிடச் சொல்லவில்லை. மருத்துவத்துக்கும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படிப்புகளுக்கும் இறுதி நாள் அக்டோபர் 15 என்பதால், கோடை விடுமுறையிலேயே செய்த பணிகளையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே தன்னைக் குழப்பிய ஒரு கேள்வியைக் குறிக்கச் சொல்கிறேன். கேள்வி எதுவும் எழாத வரிகளை அடித்துவிட்டு, மிஞ்சியதிலிருந்து விடையைத் தொடங்கலாம்.