டிஎஃப்ஐஜியா, முழு கன்வெர்ட்டரா? ஈஸ்டர்ன் கேப்பில் இரண்டோடும் பழகிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில், மலபார் பகுதியில் குடியிருக்கிறேன். 2021-இல் ஊருக்கு கெபேர்ஹா என்று பெயர் மாறியது. கோயிலில் பார்க்கும் பெரியவர்களுக்கு இன்னமும் அது பிஇ-தான். முப்பந்தலில் தொழில் கற்று, இங்கே காற்றாலைப் பராமரிப்புக்கு வந்தவன். சாரெடெக் என்ற காற்றாலைப் பயிற்சி மையத்தில் டெக்னீஷியன் பயிற்சி முடித்த நம் பிள்ளைகள் சிலர், "எந்த கன்வெர்ட்டர் நல்லது, அண்ணா?" என்று கேட்பதுண்டு. கன்வெர்ட்டர் என்பது ஜெனரேட்டரின் மின்சாரத்தை கிரிட்டுக்கு (மின் கட்டமைப்புக்கு) ஏற்றபடி மாற்றும் மின்னணு அமைப்பு. மின்சாரம் முழுவதும் அதன் வழியாகப் போனால் முழு கன்வெர்ட்டர்; ஒரு பகுதி மட்டும் போனால் டிஎஃப்ஐஜி, அதாவது இரு பக்கமும் மின்இணைப்புள்ள இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்2 சாலையில் ஜெஃப்ரிஸ் பே பக்கம் போனால் வரிசையாக 60 எந்திரங்கள் தெரியும். ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட், மொத்தம் 138. அவை முழு கன்வெர்ட்டர் வகை. பக்கத்தில் உள்ள கூகாவில் 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன் நிறுத்திய 1.8 மெகாவாட் எந்திரம் டிஎஃப்ஐஜி. சாலையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிரிட்டில் ஒரு கோளாறு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

டிஎஃப்ஐஜியில் ஸ்டேட்டர் (ஜெனரேட்டரின் நிலையான பகுதி) நேராக கிரிட்டோடு இணைந்திருக்கும். ரோட்டர் (சுழலும் பகுதி) பக்கம் மட்டும் கன்வெர்ட்டர். அதுவும் எந்திரத்தின் திறனில் 30 சதவீதம் அளவுக்கு இருந்தால் போதும். விலை குறைவு, இழப்பும் குறைவு. கிரிட் பலமாக உள்ள இடத்தில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இங்கே பல காற்றாலைகள் நீண்ட லைனின் கடைக்கோடியில் நிற்கின்றன. கோடை இடி, புல்வெளித் தீ, லைனில் மோதும் பறவை என்று எதற்கும் வோல்டேஜ் சட்டென்று சரியும். அந்த நொடியில் ஸ்டேட்டரில் ஏற்படும் அதிர்ச்சி ரோட்டரில் பெரிய மின்னோட்டமாகப் பாயும். கன்வெர்ட்டரைக் காப்பாற்ற கிரோபார் என்ற பாதுகாப்புச் சுற்று ரோட்டரை ஷார்ட் செய்துவிடும். அது விலகும்வரை எந்திரம் சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்தான். கிரிட்டுக்கு ரியாக்டிவ் பவர் (வோல்டேஜைத் தாங்க உதவும் மின்திறன்) தேவைப்படும் அதே நேரத்தில் தானும் இழுத்துக்கொள்ளும். முறுக்குவிசையில் வரும் குலுக்கல் கியர்பாக்ஸ் வரை போகும். தென்னாப்பிரிக்க கிரிட் விதியோ, வோல்டேஜ் பூஜ்யத்துக்கே இறங்கினாலும் 0.15 விநாடி துண்டிக்காமல் தாங்கி நிற்க வேண்டும் என்கிறது. பிந்தைய டிஎஃப்ஐஜிகளில் மிஞ்சும் ஆற்றலை வெப்பமாக எரித்துவிடும் டிசி சாப்பரும் நல்ல கட்டுப்பாட்டு மென்பொருளும் சேர்ந்து இதைச் சமாளிக்கின்றன. சமாளித்தாலும், மோசமான ஒரு புயல் வாரம் முடிந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்த எந்திரங்களைத்தான்.

அப்புறம் டிஎஃப்ஐஜியின் கார்பன் பிரஷ். சுழலும் ரோட்டருக்கு மின்சாரம் போய்வருவது ஸ்லிப் ரிங் என்ற வளையங்களை உரசும் இந்த பிரஷ் வழியாகத்தான். தேய்ந்த தூள் ஸ்லிப் ரிங் பெட்டிக்குள் படிந்து இன்சுலேஷனைக் கெடுக்கும். கடல் காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடும் மேற்பார்வையாளரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தத் தூளைத் துடைப்பது அரை நாள் வேலை, ரோட்டரை ரீவைண்டிங்குக்கு (கம்பிச்சுருளை மறுபடி சுற்றுவதற்கு) இறக்குவது கிரேன் வேலை.

முழு கன்வெர்ட்டரில் ஜெனரேட்டருக்கும் கிரிட்டுக்கும் நடுவே டிசி லிங்க் (நேர்மின்னோட்ட இணைப்பு) இருப்பதால் கிரிட்டின் அதிர்ச்சி ஷாஃப்டுக்கு அவ்வளவாக எட்டுவதில்லை. டிப் (வோல்டேஜ் சரிவு) வரும்போது ரியாக்டிவ் மின்னோட்டத்தைக் கொடுத்து வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும். காற்று நின்ற இரவிலும், வடிவமைப்பு இடம் கொடுத்தால், ரியாக்டிவ் பவர் தரும். ஃபிளிக்கர் (வோல்டேஜ் ஏறி இறங்கி விளக்கு மினுக்குவது) தொல்லையும் குறைவு. முப்பந்தலின் பழைய நிலைவேக எந்திரங்களில் ரியாக்டிவ் பவருக்கான கெப்பாசிட்டர் பேங்கோடு மல்லுக்கட்டிய எனக்கு இது பெரிய நிம்மதி.

குறை இல்லாமலா? உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் அந்த கன்வெர்ட்டர் அலமாரி வழியாகத்தான் போக வேண்டும். ஒரு ஐஜிபிடி மாட்யூல் (கன்வெர்ட்டரின் மின்னணு சுவிட்ச்) போனால் அன்றைய உற்பத்தியும் போனது. குளிர்விக்கும் கிளைகால் திரவம் (கூலன்ட்) கசிவது, பம்ப் பழுது, வயதாகும் கெப்பாசிட்டர் எல்லாம் உண்டு. அதிலும் ஈரம்தான் முக்கிய எதிரி: நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு உள்ளே ஹீட்டர் ஓடி உலர்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் அவசரப்படுத்தினால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஹார்மோனிக்ஸ் (மின் அலையின் வடிவத்தைக் கெடுக்கும் கூடுதல் அதிர்வெண்கள்) இரண்டிலும் உண்டு. நல்ல ஃபில்ட்டர் இருந்தால் எந்திரத்தளவில் பிரச்சினை இல்லை. பூமிக்கடியில் ஓடும் நீண்ட கேபிள்களின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து ரெசனன்ஸ் (ஒத்ததிர்வால் அவை பெருகுவது) வருகிறதா என்பதைத்தான் சப்ஸ்டேஷனில் அளந்து பார்க்க வேண்டும். பேரிங் வழியாகக் கசியும் மின்னோட்டமும் இரண்டுக்கும் பொது. அதைத் தரைக்கு இறக்கும் எர்த்திங் பிரஷ் சரியில்லை என்றால் பேரிங் உள்வளையத்தில் வரிவரியாகத் தடம் விழும்; சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

ஆக, லைனின் கடைசியில் நிற்கப்போகும் எந்திரம் என்றால் விலை கூடினாலும் முழு கன்வெர்ட்டரைத்தான் கேட்பேன். பெரிய சப்ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தால் டிஎஃப்ஐஜி சரி. எதை வாங்கினாலும், இணைப்புப் புள்ளியின் ஷார்ட் சர்க்யூட் அளவையும் (அங்கே கிரிட் எவ்வளவு பலம் என்று காட்டுவது) டிப் பதிவுகளையும் ஆர்டர் போடுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள், தம்பிகளா. பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஸ்லிப் ரிங் சுத்தமும் கூலன்ட் பரிசோதனையும் யார் பொறுப்பு என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.