எட்டு நாளைத் தாண்டிய புளுகு: பிரெஞ்சுத் தொடர் ‘மித்தோ’

மார்பகப் பரிசோதனையின் முடிவு வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை. எல்விரா வீட்டுக்கு வந்து அதற்கு நேர்மாறாகச் சொல்கிறாள். அதுவரை அவள் இருப்பதையே கவனிக்காத கணவனும் மூன்று பிள்ளைகளும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ‘மித்தோ’வின் கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த ஒரு பொய்க்கு அவள் கட்டும் வட்டி.

பிரெஞ்சில் ‘மித்தோமான்’ என்றால் வாயைத் திறந்தாலே பொய் வரும் ஆள். அதை வெட்டிச் சுருக்கிய பேச்சு வழக்குதான் ‘மித்தோ’. நம்மூர் ‘புளுகுணி’ அதற்கு அப்படியே பொருந்தும்: பாதி வசவு, பாதி கேலி. நெட்ஃபிளிக்ஸ் இதை ‘மித்தோமேனியாக்’ என்ற பெயரில் வெளியிட்டது. கேலி போய் மருத்துவச் சீட்டில் எழுதுகிற பெயராகிவிட்டது, ஆனால் தேடுகிறவர்கள் அந்தப் பெயரையும் போட்டுத் தேட வேண்டியிருக்கும். முதல் சீசன் பிரெஞ்சு-ஜெர்மன் சேனலான ஆர்ட்டேயில் 2019 அக்டோபரில் வந்தது, இரண்டாவது 2021இல். சீசனுக்கு 6 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள்.

உருவாக்கியவர்கள் இருவர். ஆன் பெரெஸ்த் நாவலாசிரியர். ஃபப்ரீஸ் கோபேர், செத்துப்போனவர்கள் ஒன்றும் நடக்காததுபோல வீடு திரும்பும் ‘லே ரெவ்னா’ தொடரை 2012இல் கனால் ப்ளூஸ் சேனலுக்காக உருவாக்கியவர். அந்தத் தொடர் 2013இல் சர்வதேச எம்மி விருது வாங்கியது. பேய்க்கதைக்குப் பழகிய கண்ணை அவர் இங்கே சமையலறைக்குள் கொண்டுவந்திருக்கிறார். அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி வீடுகள் நிற்கும் குடியிருப்பு, வெட்டி வைத்த புல்வெளி, எந்தப் பத்தாண்டு என்றே சொல்ல முடியாத பழைய நிறங்கள். கேமரா மெதுவாக ஒரு கதவை நெருங்கும்போது உள்ளே பிணம் கிடக்கப்போகிறது என்று தோன்றும். உள்ளே துவைக்க வேண்டிய துணிதான் குவிந்திருக்கும்.

இந்தத் தொடரைப் பார்க்கிற பலருக்கும் வரும் முதல் சந்தேகம்: புற்றுநோய் என்று பொய் சொல்லி ஒரு குடும்பத்தை எத்தனை நாளைக்கு ஏமாற்ற முடியும்? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது நம் கணக்கு. பிரான்ஸில் இது இன்னும் கஷ்டம். அங்கே நிஜ நோயாளிக்கு என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் பார்த்தால் புரியும்.

புற்றுநோய் உறுதியானால், நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மருத்துவர் சமூகக் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதுவார். அது ஏற்கப்பட்டால், அந்த நோய்க்கான சிகிச்சையில் காப்பீட்டின் கட்டண வரையறைக்குள் வருவது 100 சதவீதம் அரசுக் கணக்கு. வேலைக்கு லீவு வேண்டுமென்றால் மருத்துவர் தரும் சீட்டு 48 மணி நேரத்துக்குள் காப்பீட்டு அலுவலகத்துக்கும் முதலாளிக்கும் போய்ச் சேர வேண்டும். சிப் பதித்த பச்சை நிறக் ‘கார்த் வித்தால்’ அட்டையை மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ செருகினால், எந்தத் தேதியில் எதற்கு எவ்வளவு திரும்ப வந்தது என்ற கணக்கு தானாக ஏறிவிடும். உடம்பிலும் அடையாளம் விழும். கீமோவுக்காகக் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னப் பொத்தான் மாதிரி கருவியை வைப்பார்கள், தொட்டாலே தெரியும். சுற்றுகள் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒன்று. பல மருந்துகளில், முதல் சுற்று முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும்.

ஆக, ஒரே ஒருவர் அந்த அட்டையின் கணக்கைத் திறந்து பார்த்தால் போதும், கதை முடிந்தது. காகித விஷயத்தில் தொடர் அவ்வளவாக மெனக்கெடவில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் தொடரின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டில் கணக்கைத் திறந்து பார்க்கும் ஆள் யார்? தபாலைப் பிரிப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, யாருக்கு என்ன மாத்திரை என்று நினைவு வைத்திருப்பது எல்லாமே எல்விராதான். போதாததற்கு அவள் வேலை பார்ப்பதும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். வீட்டுச் சுமை முழுவதையும் அவள் தலையில் கட்டியவர்களுக்கு, அவள் பொய்யைச் சரிபார்க்க ஒரு நம்பர்கூடத் தெரியாது. அவளை யாரும் கவனிக்காமல் போனதற்கும், அவள் பொய் பிடிபடாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

கணவன் பாட்ரிக் ஏன் துருவிக் கேட்பதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. மடியில் கனம் உள்ளவன் மனைவியின் மருத்துவச் சீட்டைக் கேட்பானா? குற்ற உணர்ச்சியில் அவன் திடீரென்று நல்லவனாகிறான், பாத்திரம் கழுவுகிறான், பூ வாங்கி வராத குறை. மத்தியூ தெமி இந்த வேடத்தை வில்லனாக்காமல், கொஞ்சம் அசடாகவும் கொஞ்சம் பாவமாகவும் செய்திருக்கிறார். சிரிப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான். அவனுடைய அன்பு முழுக்க நிஜம், அது கிளம்பிய இடம் மட்டும் பொய்.

‘சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே’ என்கிற வாக்கியம் பிரான்ஸிலும் உண்டு. அதையே தலைப்பாக வைத்து எம்மா என்ற ஓவியர் 2017இல் வரைந்த படக்கதை அந்த நாட்டையே பேச வைத்தது. வீட்டு வேலையைச் செய்வது ஒன்று, செய்ய வேண்டியதையெல்லாம் எப்போதும் மனதில் சுமந்துகொண்டு திரிவது வேறொன்று. பின்னதற்குப் பிரெஞ்சில் ‘ஷார்ஜ் மொந்தால்’, அதாவது மனச்சுமை, என்று பெயர். சமூகவியலாளர் மோனிக் ஐக்கோ 1984லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ‘மித்தோ’ அந்தச் சொல்லை வைத்துப் பிரசங்கம் செய்யவில்லை, அதற்காகவே ஒரு கும்பிடு. ஓய்வு வேண்டும் என்று எல்விரா கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. சாகப்போகிறேன் என்றால் உடனே கிடைக்கிறது. கறுப்பு நகைச்சுவை இந்த விலைப்பட்டியலில்தான் இருக்கிறது.

எல்விராவாக நடிக்கும் மரீனா ஹாண்ட்ஸ் இல்லாவிட்டால் இது ஒன்றும் நிற்காது. 2019 மார்ச்சில் பிரான்ஸின் லீல் நகரத்தில் நடந்த சீரிஸ் மானியா என்ற தொலைக்காட்சித் தொடர் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்கு, பார்வையாளர் விருது தொடருக்கு. நாடக மேடையில் தேறியவர் என்பது அவருடைய குரலில் தெரிகிறது. எல்விரா உண்மை பேசும்போது அவசரப்படுகிறாள், வாக்கியத்தைப் பாதியில் விடுகிறாள், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற பழக்கத்தில் சொல்லை விழுங்குகிறாள். பொய் சொல்லும்போது நிதானம் வந்துவிடுகிறது. நிறுத்தி, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வைக்கிறாள். சப்டைட்டிலை ஒரு நிமிடம் மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். டப்பிங்கில் இதெல்லாம் போய்விடும். பிரெஞ்சு ஒலியை வைத்துக்கொண்டே பாருங்கள்.

பிள்ளைகளில் மனதில் நிற்பது சாம். பையன் என்று வளர்க்கப்பட்டு, பெண் உடை, மேக்கப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை. வீட்டில் பொய் ஒருபக்கம் வளர, தன்னைப் பற்றிய உண்மையைத் தேடும் ஒரே ஆள் அவன்தான் என்ற முரணைத் தொடர் அடிக்கோடு போடாமல் வைத்திருக்கிறது. சாமாக வரும் ஜெரமி ஜிலேயின் நடிப்பில் கழிவிரக்கமே கிடையாது. மூத்தவள் கரோல், இளையவள் விர்ஜினி ஆகியோரின் கதைகள் அந்த அளவுக்குப் பிடிமானம் இல்லாதவை.

குறைகளும் உண்டு. முதல் சீசனை ஓட்டுவது ‘அடுத்து என்ன சமாளிப்பாள்’ என்ற கேள்வி. இரண்டாவதில் பொய்யின் இயந்திரம் தளர்ந்து, ஒவ்வொருவருடைய தனிக்கதையும் ஒவ்வொரு திசையில் இழுக்கிறது. சில இடங்களில் திகில் பாவனை ஓங்கி, நகைச்சுவை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. அவசரக்காரர்கள் முதல் 6 எபிசோடோடு நிறுத்திக்கொள்ளலாம். அதையும் ஒரேயடியாகப் பார்க்க வேண்டாம், மூன்று மூன்றாகப் பார்த்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும். முதல் எபிசோட் மெதுவாகத்தான் நகரும், இரண்டாவதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர் அல்ல. வீட்டில் யாராவது உண்மையிலேயே கீமோவில் இருந்தால் இப்போதைக்கு இதைத் தள்ளிப்போடுங்கள். நோயை நடித்துக் காட்டுவதை வைத்துச் சிரிக்கும் தொடர் இது, அந்தச் சிரிப்பு எல்லா வீட்டுக்கும் எல்லா நேரத்திலும் ஒத்துவராது.