கௌபாய் பெட்டி: தட்டு சரி, விளையாட்டு எங்கே?

இணையக் கடையொன்றில் 60 டாலருக்கு வாங்கிய ‘பத்துப் பிள்ளைகளுக்கான கௌபாய் பார்ட்டி பெட்டி’யைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். இதே சரக்கு வேறு வேறு பெயர்களில் எங்கும் கிடைக்கிறது. பையனுக்கு ஏழு வயது. டெக்சஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். இந்த ஊரில் ‘கௌபாய்’ என்றால் பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது டாலஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிதான். அவர்கள் தலைமையகமே இங்கேதான் இருக்கிறது. அழைப்பிதழில் ‘தொப்பி கௌபாய், ஹெல்மெட் கௌபாய் இல்லை’ என்று போட்டிருந்தும் ஒரு பையன் அந்த அணியின் நட்சத்திர ஜெர்சியோடு வந்து நின்றான். அவன் கழுத்திலும் ஒரு பந்தானாவை, அதாவது கௌபாய் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டோம், தீர்ந்தது.

பெட்டியில் தட்டு, கப், மேசை விரிப்பு எல்லாம் தரமாகவே இருந்தன. கப் ஒழுகவில்லை, தட்டு மடங்கவில்லை. படங்கள்தான் கண்ணராவி. தட்டு முழுக்கக் கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட மாடு. ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது பால்மாடுங்கண்ணு. இத ஓட்டீட்டுப் போறதுக்கு எதுக்குத் தொப்பியும் துப்பாக்கியும்?” என்றார். நியாயமான கேள்வி. கௌபாய்கள் ஓட்டிக்கொண்டு போனது நீளக்கொம்பு லாங்ஹார்ன். ஃபோர்ட் வொர்த் நகரின் பழைய மாட்டுச் சந்தைப் பகுதியான ஸ்டாக்யார்ட்ஸில் தினமும் காலை 11:30-க்கும் மாலை 4 மணிக்கும் அந்த மாடுகளைத் தெருவில் நடத்திப் போகிறார்கள், காசு கிடையாது. அதைப் பார்த்த பிள்ளைகளிடம் இந்தத் தட்டு செல்லாது. அட்டையில் வெட்டிய கள்ளியும் கை தூக்கி நிற்கும் சகுவாரோ. அது அரிசோனாப் பக்கத்துச் செடி. டெக்சஸின் மாநிலச் செடி நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக் கள்ளிதான். பச்சை அட்டையில் முட்டை வடிவமாகப் பத்து வெட்டி ஒட்டினால் அதுவே ஆகிவிடும்.

பந்தானா பாலியெஸ்டர். வழுக்குகிறது, முடிச்சு நிற்பதில்லை. கண் கட்டவோ, மூன்று கால் ஓட்டத்துக்குக் காலைக் கட்டவோ ஆகாது. பருத்தியில் 22 அங்குலச் சதுரமாக டஜன் கணக்கில் விற்பது வாங்குங்கள். ஷெரீஃப் பேட்ஜின் பின்னால் ஊசி இருக்கிறது. பிடுங்கிவிட்டு இரட்டைப் பக்க டேப் ஒட்டினேன். இறகு வைத்த தலைப்பட்டைகளும் இரண்டு இருந்தன. அவற்றை வெளியே எடுக்கவே இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளுக்கு அது மரியாதைக்குரிய பொருள், வேடம் போட அல்ல.

இனி விளையாட்டு. பெட்டியில் ஊதிப் பெரிதாக்கும் கள்ளியும் வளையமும், குதிரைக்கு வால் ஒட்டும் படம், அட்டைத் தலை வைத்த குச்சிக் குதிரைகள், ஒரு தாள் குறிப்பு. கள்ளி காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வேலியில் தங்கியது. டெக்சஸ் காற்றைப் பார்க்காத யாரோ செய்தது. வால் ஒட்டுவது ஐந்து வயதுக்குமேல் சலிப்பு. குதிரைகளின் கழுத்து முதல் ஓட்டத்திலேயே முறிந்தது. இந்தப் பெட்டி புகைப்படத்துக்காகச் செய்தது, பிள்ளைகள் கைபடுவதற்கு அல்ல. என் மொத்தப் புகாரும் அதுதான்.

உண்மையில் விழாவைத் தூக்கி நிறுத்தியது, பூட்ஸும் தொப்பியும் விற்கும் வெஸ்டர்ன் கடையில் தனியாக வாங்கிய பிளாஸ்டிக் மாட்டுத் தலை. கீழே இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்; வைக்கோல் கட்டில் குத்தி நிறுத்தினால் மாடு தயார். கூடவே சிறுவர்களுக்கான சுருக்குக் கயிறு. பெரியவர்களுடைய கயிறு விறைப்பாக, கனமாக இருக்கும். சிறுவர் கயிறு மெலிது, நீளமும் குறைவு. சுருக்கைப் பெரிதாக்கிக்கொண்டு, தலைக்கு மேலே சுழற்றி, கை கொம்பை நோக்கி நீளும்போது விட வேண்டும். ஆறடித் தூரத்தில் கோடு போட்டேன். முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் தன் தொப்பியிலேயே மாட்டியது. அப்புறம் ஒரு பெண்குழந்தை இரண்டு கொம்பையும் சேர்த்துச் சுருக்கிவிட்டாள். அதற்குப் பிறகு கேக் வெட்டக்கூட யாரும் வரவில்லை. ஒரே சட்டம்: மனிதர் மேலும் நாய் மேலும் கயிறு போகக்கூடாது. அதற்காகப் பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்கவேண்டும், ஃபோனைப் பார்த்துக்கொண்டு அல்ல.

முறிந்த குதிரைகளுக்குப் பதில் நீச்சல்குள நூடுல்ஸ், அதாவது தண்ணீரில் மிதக்கும் நீள நுரைக் குழாய்கள். டாலர் கடையில் வாங்கி, ஒரு முனையை மடக்கிக் கயிறு கட்டினால் குதிரைத் தலை. ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டுப் போட்டியில் பெண்கள் குதிரையில் ஓட்டும் பேரல் ரேஸை அப்படியே வைத்தோம்: மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி, கடைசியில் நேராக ஓடி வரவேண்டும். பீப்பாய்க்கு எங்கள் வீட்டுத் துணிக்கூடைகள். தட்டிவிட்டால் ஐந்து விநாடி கூடும், நிஜ ரோடியோவிலும் அதே தண்டனைதான். நேரம் குறித்தவர் என் கணவர். ஏழு வயதுப் பிள்ளைகள் பத்தில் ஒரு விநாடிக்காக அவரோடு போட்ட சண்டை பக்கத்து வீடுவரை கேட்டது.

லாடம் எறிதலுக்கு ரப்பர் லாடம் போதும். கம்பியில் விழுந்தால் 3, மற்றவர்களைவிடக் கிட்டே விழுந்தால் 1.

தின்பண்டத்துக்குப் பெட்டி கொடுத்தது ஸ்டிக்கர் மட்டுமே: பாப்கார்னுக்கு ஒரு பெயர், சாக்லெட்டுக்கு ஒரு பெயர். அதை விட்டுவிட்டு, மாட்டுக்கூட்டத்தோடு போன சமையல் வண்டியைப் பின்பற்றினேன். 1866-ல் சார்ல்ஸ் குட்நைட் என்ற பண்ணைக்காரர் பழைய ராணுவ வண்டியின் பின்பக்கம் அலமாரி பொருத்திச் செய்தது அது. அதில் வெந்தது பீன்ஸ், பிஸ்கெட் ரொட்டி, காய்ந்த பழம், மாட்டிறைச்சி, காபி. எங்கள் கூட்டத்தில் சைவம் பாதி. எனவே ஃப்ரீட்டோ பை (pie) என்ற பண்டம்: ஃப்ரீட்டோஸ் சோளச் சிப்ஸின் சின்னப் பொட்டலத்தைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்து, உள்ளேயே சில்லி என்ற காரக் குழம்பை ஊற்றி, மேலே சீஸ், வெங்காயம். தட்டே வேண்டாம். டெக்சஸ் சில்லியில் பீன்ஸ் போட்டால் இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள். நான் ராஜ்மாவில் செய்தேன், ஒருவரும் சுளிக்கவில்லை. சிப்ஸை மட்டும் கடைசி நிமிடத்தில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறிப்போகும்.

பக்கத்தில் அம்மா செய்த தட்டைப்பயறு சுண்டல். பண்டிகைக்கு வந்ததுபோல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதே பயறில் மிளகாயும் வெங்காயமும் வினிகரும் கலந்து ‘டெக்சஸ் கேவியர்’ என்று இந்த ஊர்க்காரர்களே சாப்பிடுகிறார்கள். சோளரொட்டி மஃபின் காலியானது. ஸ்மோர் (சுட்ட மார்ஷ்மெல்லோவையும் சாக்லெட்டையும் பிஸ்கெட்டுக்கு நடுவில் வைப்பது) செய்ய மார்ஷ்மெல்லோ வாங்கும்போது உறையைப் படியுங்கள்: சாதாரணமானதில் ஜெலட்டின், அதாவது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சைவ மார்ஷ்மெல்லோ தனியாகக் கிடைக்கிறது, விலை கூட.

ரூட் பியர் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். பெயரில்தான் பியர், அது மது இல்லாத சோடா. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எங்கள் தலைமுறைக்கு அது மூட்டுவலித் தைலத்தைக் குடித்தது போல இருக்கும். தைலத்தில் இருக்கும் வின்டர்கிரீன் வாசனைதான் அதிலும். பெரியவர்களுக்கு நன்னாரி சர்பத் கரைத்து அதே பழுப்புப் பாட்டிலில் ஊற்றினேன். கௌபாய் காலத்துச் சலூன்களில், அதாவது மதுக்கடைகளில், பானமாக விற்ற சார்சபரில்லாவும் நம் நன்னாரியும் வேறு வேறு செடிதான், ஆனாலும் நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்தியச் சார்சபரில்லா என்றே பெயர்.

கூட்டிப் பெருக்க ஆள் பிடிக்க ஒரு வழி. அந்தக் காலத்து அர்பக்கிள் காபிப் பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் குச்சி இருக்குமாம். காபிக்கொட்டையை அரைத்துக் கொடுக்கிற கௌபாய்க்குச் சமையல்காரர் அதைக் கூலியாகக் கொடுப்பார். குப்பைப் பையோடு வருகிற பிள்ளைக்கு ஒரு குச்சி என்று அறிவித்தோம். பத்து நிமிடத்தில் புல்தரை சுத்தம்.

பெட்டிக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் கப்புக்காக. அதே 60 டாலரில் மாட்டுத் தலை, கயிறு, பருத்திப் பந்தானா, நூடுல்ஸ் எல்லாம் வந்துவிடும். வைக்கோல் கட்டு தீவனக் கடையில் வாங்குங்கள். உட்காரக் குத்தும், மேலே ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். இழுப்பு இருக்கும் பிள்ளைகளை அதன் பக்கத்தில் விடாதீர்கள். விழா முடிந்த அன்றே யாரிடமாவது தள்ளிவிடுங்கள்: மழையில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் முயல் வளர்ப்பவர்கூட வாங்க மாட்டார்.