நடுச்சுவரை நிமிர்த்துவதா, சதையைச் சுருக்குவதா?

பதினைந்து வருடமாக என் இடது மூக்கில் காற்றே போனதில்லை. கச்சான் காற்று வீசத் தொடங்கி ஊரெல்லாம் புழுதி பறந்தால் வலதும் அடைத்துவிடும். வாயால் மூச்சு விட்டுப் படுத்து, விடிய எழும்பும்போது நாக்கு வறண்டு கிடக்கும். கடைசியில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போனேன். அவர் மூக்குக்குள் ஸ்கோப் விட்டுப் பார்த்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, இரண்டு மூக்குத் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர் வளைந்திருந்தால் அதை நிமிர்த்தும் செப்டோபிளாஸ்டி என்ற சத்திரசிகிச்சை. மற்றது, பக்கச்சுவரில் வீங்கியிருக்கும் டர்பினேட் சதையை ரேடியோ அலைச் சூட்டால் சுருக்குவது. நான் முதலாவதைச் செய்துகொண்டேன். அதனால் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வீக்கம் குறைக்க மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீரொய்ட் ஸ்பிரே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அதைத்தான் தருவார்கள், ஓரிரு கிழமை ஒழுங்காக அடித்தால்தான் பலன் தெரியும், வளைந்த எலும்பை அது நிமிர்த்தாது. பார்மசியில் வாங்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு சங்கதி. ஒரு கிழமைக்கு மேல் விட்டால் மூக்கு அதற்கே பழகி, விடாத நேரத்தில் முன்னையைவிட மோசமாக அடைக்கும். ஆனால் அதில் ஒரு விஷயம் பிடிபடும். சொட்டு விட்டதும் மூக்கு திறந்தால் பெரும்பாலும் சதை வீக்கம்தான் காரணம். விட்டும் ஒரு பக்கம் திறக்காவிட்டால் சுவரைச் சந்தேகிக்கலாம். எனக்கு இடப்பக்கம் அசையவே இல்லை.

சதை சுருக்குவது லேசான வேலை. விறைப்பூசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். சில நாள் வீக்கமும் பொருக்கும் இருக்கும். முழுப் பலன் தெரிய ஒரு மாதம் அளவில் ஆகும். கிண்ணியாவில் ஓட்டோ ஓடும் என் நண்பர் இதைத்தான் செய்தார். இரண்டு கிழமை ஓட்டோவை நிறுத்திவைக்க அவருக்கு வழியில்லை. அவருடைய நிலையில் அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் என் முடிவு ஒரே கேள்வியில் நின்றது: செய்தது எத்தனை காலம் தாங்கும்? டர்பினேட் என்பது இரத்தக் குழாய்கள் நிறைந்த உயிர்ச் சதை. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அதன் வேலை. நல்ல மூக்கிலேயே சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறி மாறி அது வீங்கி வடியும். சுருக்கினாலும் ஒவ்வாமை உள்ளவருக்கு அது திரும்ப வீங்கலாம். நண்பருக்கு மூன்றாம் வருடக் கச்சானோடு பழைய அடைப்பு வந்துவிட்டது, இப்போது இன்னொரு தடவை செய்வதைப் பற்றி யோசிக்கிறார். அதற்காக நிறையச் சதையை ஒரேயடியாக வெட்டி எறியவும் கூடாது. அளவு மீறினால் மூக்கு வறண்டு, பாதை திறந்திருந்தும் மூச்சு போதாத உணர்வு வரலாம். நடுச்சுவர் அப்படியில்லை. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. குருத்தெலும்பு சிலருக்குக் கொஞ்சம் பழைய வளைவுக்குத் திரும்பும் என்று வைத்தியர் முன்கூட்டியே சொன்னார். ஆனாலும் புழுதிக்கும் பனிக்கும் வீங்கும் சாமான் அல்ல அது. 2019இல் லான்செட் இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில் 203 பேரைப் பார்த்திருக்கிறார்கள். செப்டோபிளாஸ்டி செய்தவர்கள் செய்யாதவர்களைவிட நன்றாக மூச்சு விட்டார்கள், அந்தப் பலன் இரண்டு வருடம் வரை நின்றது.

இன்னொன்று, சுவர் ஒரு பக்கம் வளைந்தால் மறுபக்க வெற்றிடத்தில் டர்பினேட் பெருத்துவிடும். சுவரை மட்டும் நிமிர்த்தினால் அந்தப் பக்கம் இடம் போதாமல் போகலாம். என் வலப்பக்கச் சதையையும் அதே மயக்கத்தில் கொஞ்சம் சுருக்கினார்கள்.

மூக்கு சப்பையாகிவிடும் என்று அம்மா பயந்தார். அந்தப் பயம் வெறும் கதை அல்ல. முந்திய காலத்து முறையில் குருத்தெலும்பை நிறைய எடுத்துவிடுவார்கள், சிலருக்கு மூக்குத்தண்டு உள்ளே இறங்கியது. இப்போது முன்விளிம்பிலும் மேல்விளிம்பிலும் தாங்குவதற்குப் போதிய அளவு விட்டுத்தான் வேலை செய்கிறார்கள். வெட்டு உள்ளே என்பதால் வெளியில் தழும்பும் இல்லை.

சிரமம் பிறகுதான் இருக்கிறது. முழு மயக்கம், ஒரு கிழமை மூக்குக்குள் பிளாஸ்டிக் தகடு, இரண்டு கிழமை மூக்குச் சீறவோ பாரம் தூக்கவோ கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மேல் முன்பல் விறைப்பு எனக்கு இரண்டு மாதம் இருந்தது. இரத்தம் நிற்காமல் வருவதும் சுவரில் ஓட்டை விழுவதும் அரிது, ஆனால் இல்லாதவை அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு பக்கமும் அடைத்து, நோவும் காய்ச்சலும் கூடினால் சுவருக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். அதனால் திருகோணமலையில் இருப்பவர் கொழும்பில் செய்வதென்றால் முதல் பத்து நாளாவது அங்கேயே தங்க ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்தால் மட்டும் மூச்சு இலகுவாகிறவர்களுக்குக் குறை மூக்கு வாசலில் இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சை வேறு, அதில் எனக்கு அனுபவம் இல்லை. குறட்டைக்காக மட்டும் செப்டோபிளாஸ்டி செய்யலாமா என்று கேட்டால் தயங்குவேன். எனக்குக் குறைந்தது, நிற்கவில்லை.

செய்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. இடது மூக்கில் காற்று போகிறது. கொதித்தாறிய தண்ணீரில் உப்புக் கலந்து இரவில் மூக்குக் கழுவுவதை மட்டும் விடவில்லை, கச்சான் காலத்தில் காலையிலும் ஒரு தடவை.