அப்பாவின் கணினியும் இரண்டு கடைகளும்

இம்முறை ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்புக்குப் போய் வந்ததில் எழுதவேண்டியதாக எனக்குப் படுவது ஒரே ஒரு விடயம்தான். அப்பாவின் பழைய கணினி இயங்க மறுத்ததும், அதனுள் இருந்தவற்றை வெளியே எடுக்க நான் அலைந்ததும் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அந்த வீட்டில் எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதை ஊர்க்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பின்னர் அப்பா கனடா, சுவிஸ், லண்டன் என்று சிதறிக் கிடந்த உறவினரிடமெல்லாம் கேட்டு, நாங்கள் முன்பு அவர்களுக்கு அனுப்பியிருந்த கலியாண வீட்டுப் படங்கள், சாமத்திய வீட்டுப் படங்களின் பிரதிகளைத் திரும்ப வரவழைத்து, ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து, படத்தில் நிற்பவர்களின் பெயரையே கோப்பின் பெயராக இட்டுச் சேமித்து வைத்தார். காணி உறுதிகளின் படங்களும், ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனின் சினத்தைத் தணிக்கச் செய்யும் குளிர்த்திச் சடங்கு பற்றி அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகளும் அதே கணினியில்தான் இருந்தன. அப்பா காலமான பிறகு அது நாவற்குடாவில் மாமி வீட்டில் இருந்தது. இப்போது அதைப் போட்டால், கொம்பனியின் சின்னம் தோன்றி, பழுதுபார்ப்பதாக ஒரு வரி வந்து, அணைந்து, மறுபடியும் அதே சின்னம் வரும்.

நகரில் நான் முதலில் கொண்டுபோன கடையில் இருந்தவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், "விண்டோஸ் அடிபட்டுப் போச்சு, புதுசாப் போட்டுத் தாறம், பின்னேரம் வாங்க" என்றார். உள்ளே இருக்கும் படங்கள்தான் வேண்டும், கணினி இயங்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னேன். "டி டிரைவில இருக்கிறது ஒண்டும் போகாது" என்று பதில் வந்தது. நம் ஊர்க் கடைகளில் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, சியில் விண்டோஸ், டியில் நம்முடைய சாமான் என்று பழக்கி வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அப்பா, பார்த்தவுடன் கண்ணில் படவேண்டும் என்று எல்லாவற்றையும் டெஸ்க்டொப்பிலேயே வைத்தவர். டெஸ்க்டொப்பில் கிடப்பவை சியில்தான் இருக்கின்றன. இதையும் விளக்கிச் சொல்லிவிட்டு, ஒரு தேவைக்காகப் பார் வீதி வரை போய் வந்தேன். திரும்பியபோது பென் டிரைவ் செருகப்பட்டு, எந்தப் பகுதியில் விண்டோஸைப் பதிப்பது என்று கேட்கும் திரை வந்து நின்றது. அடுத்த பொத்தானை அவர் அழுத்துவதற்கு முன் நானே மின்சாரத்தை நிறுத்தினேன்.

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. விரைவு ஃபோமட் செய்வதால் மட்டும் எல்லாம் அழிந்துவிடாது. அது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பதைப் போன்றது, பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். ஆனால் அதன்மேல் விண்டோஸைப் பதிக்கும்போது பல கிகாபைட் புதிய தரவு அந்தப் பக்கங்களின் மேலேயே எழுதப்படுகிறது. அப்படி எழுதப்பட்ட இடத்தை உலகின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ரொறன்ரோவில் ஒரு கணினியைத் திருத்தக் கொடுத்தால், தரவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள், வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்பார்கள், அதன் பிறகுதான் தொடுவார்கள். அந்தத் தாளைப் பார்க்க எனக்கு எப்போதும் எரிச்சலாகவே இருக்கும். அன்று அந்தக் கடை வாசலில் நின்றபோது அந்தக் கேள்வியின் அருமை விளங்கியது.

மச்சாள் ஒருவர் சொல்லித்தான் காத்தான்குடியில் ஒரு சிறிய கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி கேட்ட முதல் கேள்வியே, "உள்ளுக்கு என்ன இருக்கு அன்ரி?" என்பதுதான். இதைக் கேட்ட பிறகு அவர் மூன்று நாள் எடுத்திருந்தாலும் நான் காத்திருந்திருப்பேன். கடற்காற்றில் தொடுமுனைகள் கறுத்துப்போவது இப்பக்கத்தில் வழமை என்று சொல்லி, நினைவகத் துண்டை (ராம்) கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் முனைகளைத் தேய்த்துப் பார்த்தார். மாற்றமில்லை. அதன்பின் கணினியை மீண்டும் போடவே அவர் விடவில்லை. வன்தட்டில் பழுதடைந்த பகுதிகள் இருந்தால், ஒவ்வொரு முறை போடும்போதும் விண்டோஸ் தானாகவே திருத்தப் புறப்பட்டு, நலிந்த தட்டை மேலும் வருத்தும் என்பது அவருடைய விளக்கம்.

வன்தட்டைக் கழற்றித் தன் கணினியில் பொருத்தி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து அந்தக் கணினியை இயக்கி, டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் தட்டு முழுவதையும் இன்னொரு தட்டுக்குப் பிரதியெடுக்கத் தொடங்கினார். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, வாசிக்க முடியாதவற்றைத் தாண்டிப்போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். தட்டு இடையில் செத்துப்போனாலும் பெரும்பகுதி கையில் இருக்கும். இரவு முழுவதும் அது ஓடியது. மீட்கும் வேலை எல்லாவற்றையும் அந்தப் பிரதியின் மேல்தான் செய்தார், மூலத்தை ஒரு பையில் போட்டு என்னிடமே தந்துவிட்டார். என் கனடா மடிக்கணினியையும் ஒருமுறை வாங்கிப் பார்த்து, அது பிட்லொக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கப் பூட்டால் பூட்டப்பட்டிருப்பதைக் காட்டி, 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்திருக்காவிட்டால் இதே வழியில் தட்டைக் கழற்றி எடுத்தும் பயனில்லை என்று எச்சரித்தார். அப்பாவின் பழைய கணினியில் அந்தப் பூட்டு இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

காணி உறுதிகள் முழுதாக வந்தன. குளிர்த்திக் குறிப்புகளைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரிய, எனக்கு நெஞ்சு பதறியது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். அந்தத் தம்பி தன்னிடமிருந்த பாமினி எழுத்துருவை நிறுவினார், அப்பாவின் வரிகள் தமிழில் வந்தன. ரொறன்ரோவில் எந்த மேசையில் இதை விளக்கிப் புரியவைத்திருப்பேன்?

ஒரு கோப்புறையின் அட்டவணை மட்டும் சிதைந்திருந்தது. அதிலிருந்த படங்களை, ஒவ்வொரு படக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் மூலம் எடுத்தார். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அப்பா இட்ட பெயர்களின் இடத்தில் இப்போது வெறும் எண்கள். சில படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவே நிற்கிறது. தட்டைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். தூசியில்லாத அறை இல்லாமல் அதைத் திறந்தால் இருப்பதும் போய்விடும், அந்த வசதி தன்னிடம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். வாங்கிய கூலி, ரொறன்ரோவில் பரிசோதனைக்கு மட்டும் கேட்கும் தொகையை விடக் குறைவு.

இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று மாமி வீட்டில், ஒன்று என்னிடம். மூலத் தட்டையும் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் இழந்த படங்களை மாமி பார்த்து ஆட்களைச் சொல்ல, அவருடைய மகள் எண்ணுக்கு எதிரே எழுதி அனுப்புகிறாள். மாமிக்கும் பிடிபடாத முகங்களை வைபரில் சுவிஸுக்கும் லண்டனுக்கும் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.