வார்டில் இருப்பவருக்கு அவசர வயிற்று அறுவை: ஒரு பொது மருத்துவமனைச் சேவை பற்றிய மதிப்பீடு

இடுப்பெலும்பு முறிவுக்காக, அரசு மானியம் உள்ள சி வகுப்பு வார்டில் சேர்க்கப்பட்டிருந்த என் பெரியப்பாவுக்கு, முன்சிறுகுடலில் (இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் தொடக்கப் பகுதி) இருந்த புண் துளைவிட்டதால் நள்ளிரவில் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரின் பொது மருத்துவமனை ஒன்று அந்த நெருக்கடியைக் கையாண்ட விதமே இம்மதிப்பீட்டின் பொருள்.

வீட்டிலிருந்து 995 என்ற அவசர ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்து வருபவரைக் காட்டிலும், ஏற்கெனவே வார்டில் படுத்திருப்பவருக்கு இக்கோளாறு தாமதமாகப் புலப்படுவதுண்டு. வலுவான வலிநிவாரணிகள் வயிற்றுவலியை மழுங்கச் செய்யும். குடல் துளைவிட்டால் வழக்கமாக நேர்வதுபோல் வயிறு பலகையாக இறுகுவது, முதியவர்களுக்கு நேராமலும் போகலாம். புதிய தொல்லை எதுவானாலும் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். அன்றிரவுப் பணியில் இருந்த தாதியோ, வயிறு உப்பிசமாக இருப்பதாகப் பெரியப்பா முனகியதை மலச்சிக்கல் என்று ஒதுக்காமல், நாடித்துடிப்பு ஏறி ரத்த அழுத்தம் இறங்கியதையும் சேர்த்துப் பார்த்து உடனே மருத்துவரை வரவழைத்தார். இச்சேவையில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். அறுவைக் கூடத்தின் நவீன வசதிகள் இதற்குப் பிறகே.

சி.டி. ஸ்கேனில் குடலுக்கு வெளியே காற்று கசிந்திருப்பது தெரிந்ததும், கிருமிக்கொல்லி மருந்தை ரத்தநாளம் வழியே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அறுவை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் உயிராபத்தையும், பின்னர் செயற்கைச் சுவாசம் தேவைப்படக்கூடும் என்பதையும் மறைக்காமல் கூறினர். தமிழ் பேசும் தாதி ஒருவர் பெரியம்மாவுக்கு அதை விளக்கி முடிக்கும்வரை, அவ்வளவு அவசரத்திலும், மருத்துவர் காத்திருந்தார். துளையை வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புத் திரையால் அடைத்து, வயிற்றறையைக் கழுவித் தைத்த பின், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

குறைகளும் உண்டு. அறுவை நடந்த நேரம் முழுதும் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு இரண்டும் போக எங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்ற விளக்கமும் வீடு திரும்பும் தறுவாயில்தான் கிடைத்தது. மாறாக, மருந்தாளரின் ஆலோசனை மிகத் தெளிவாக இருந்தது: முழங்கால் வலிக்குப் பெரியப்பா வழக்கமாக விழுங்கிவந்த டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளே குடற்புண்ணை உண்டாக்கக்கூடியவை என்பதால், அவற்றை இனித் தொடக்கூடாது என்றார். குடற்புண்ணுக்குக் காரணமாகக்கூடிய ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

எலும்புப் பிரிவும் வயிற்று அறுவைப் பிரிவும் தனித்தனி நாள்களில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னது, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வீண் அலைச்சல். கேட்ட பிறகு ஒரே நாளுக்கு மாற்றித் தந்தார்கள், கேட்காமலே செய்திருக்கலாம்.